ஒரு துண்டு, ஒரு தரம்

பங்குனி 4
ஒவ்வாமை உண்டாக்க ஓவல்புமின் (முட்டை வெள்ளைக்கருப் புரதம்) 100 மி.கி. வயிற்றறைக்குள், 100 மி.கி. தோலுக்குக் கீழ். மூன்று கினிப்பன்றிகள். நாலாவதுக்கு வெறும் உப்புநீர். இனி மூன்று கிழமைக்கு ஊசி இல்லை. பிந்தி மறதியாக இன்னொன்று போட்டால் மூச்சுக்குழாய் இறுகிச் சில நிமிடத்தில் செத்துவிடும்.

பங்குனி 9
முருங்கையிலை முடிந்துபோச்சு. எங்களைப் போலவே இதுகளுக்கும் விற்றமின் சீ உடம்பில் ஊறாது.

பங்குனி 17
குடல் துண்டை உயிரோடு வைக்கும் டைரோட் உப்புக்கரைசல் கலங்கிவிட்டது. லீற்றருக்குச் சோடியம் குளோரைட்டு 8 கிராம், பொட்டாசியம் குளோரைட்டு 0.2, கல்சியம் குளோரைட்டு 0.2, மக்னீசியம் குளோரைட்டு 0.1, சோடியம் இருகாபனேற்று 1, பொசுபேற்று 0.05, குளுக்கோசு 1. நிறுவையில் பிழையில்லை. பிழை கல்சியத்தில்: மற்றதெல்லாம் கரைந்த பிறகு, தனியாகக் கரைத்து, கடைசியில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அவசரப்பட்டால் வெள்ளைப் படிவு. அதோடு போத்தலைக் கழுவியது எந்தத் தண்ணீரில்? சுண்ணாம்புக்கல்லில் ஊறிவரும் எங்கள் கிணற்றுநீர் பட்டாலே கல்சியக் கணக்குக் குழம்பும்.

பங்குனி 25
உப்புநீர் போட்டதன் குடல். சிறுகுடலின் கடைசி 10 செ.மீ. வேண்டாம், அதற்கு மேலே 3 செ.மீ. துண்டு. விரலால் பிதுக்கக்கூடாது, பிப்பெற்றால் மெதுவாகக் கழுவலாம். நூல் ஒரு பக்கச் சுவரில் மட்டும். வாயை மூடிக் கட்டினால் உள்ளே அழுக்குத் தேங்கும். 20 மி.லீ. தொட்டி, 37 பாகை, 1 கிராம் இழுவை, முக்கால் மணி ஓய்வு. ஹிஸ்டமின் (ஒவ்வாமையில் உடம்பே விடும், தசையைச் சுருக்கும் பொருள்) மி.லீ.க்கு 0.1 மைக்றோகிராம்: நல்ல சுருக்கம். ஓவல்புமின்: அசைவில்லை. இண்டைக்கு வேண்டியது அதுதான்.

பங்குனி 26
ஓவல்புமின் போட்டதன் குடல். கரண்ட் போச்சு. காற்றுக்குமிழ் நின்றது, தொட்டி 33 பாகை. இந்த நேரம் ஓவல்புமின் விடுவது மடைத்தனம். ஹிஸ்டமினைக் கழுவிக் கழுவி எத்தனை தரமும் கேட்கலாம். ஓவல்புமினுக்கு ஒரு துண்டு ஒரு தரம்தான் பதில் சொல்லும். மிச்சக் குடல் கரைசலோடு ஐஸ் பெட்டியில்.

பங்குனி 27
ஹிஸ்டமின் மூன்று தரம், மூன்றும் ஒரே உயரம். பிறகு ஓவல்புமின் மி.லீ.க்கு 10 மைக்றோகிராம். சில விநாடி ஒன்றுமில்லை. பிறகு ஏறியது, இறங்க மனமில்லாமல் நின்றது. குடலில் ஷூல்ட்ஸ் 1910இலும் கருப்பையில் டேல் 1913இலும் பார்த்த சுருக்கம். கழுவி, மறுபடி அதே அளவு: தட்டைக் கோடு. ஹிஸ்டமின்: முழு உயரம். ஆக, தசை களைக்கவில்லை.
அடுத்த துண்டுக்கு முதலே ஹிஸ்டமினைத் தடுக்கும் மெபிரமின். ஹிஸ்டமின் அடங்கியது. ஓவல்புமினுக்கு மெல்ல ஏறும் ஒரு மேடு மிஞ்சுகிறது. ஒவ்வாமையில் தசையைச் சுருக்கும் இன்னொரு பொருள், லூக்கோத்திரையீனா?

பங்குனி 28
இரண்டு துண்டு மிச்சம். ஒன்றுக்கு மெபிரமினோடு, லூக்கோத்திரையீனைத் தடுக்கும் மொன்ரெலுகாஸ்ட்.
கரைசல் திரும்பக் கலங்கல். அந்தப் போத்தல்.