கண்புரை ஆபரேஷன் முடிந்த பிறகு: சொட்டு மருந்தும் நானும்

ஆபரேஷனுக்கு 20 நிமிடம்கூட ஆகவில்லை. கண் மரத்துப்போகச் சொட்டு மருந்துதான் விட்டார்கள், ஊசிகூட இல்லை. மறுநாள் கட்டைப் பிரித்தபோது எல்லாம் பனிமூட்டமாகத் தெரிய, பயந்துபோனேன். கருவிழியில் லேசான வீக்கம் இருக்கும், சில நாளில் தெளிந்துவிடும் என்றார் மருத்துவர்.

மூன்றாம் நாள் தெளிந்தது. ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்தேன். ஆபரேஷன் செய்த கண்ணுக்குச் சுவர் பளிச்சென்று வெள்ளை. மற்ற கண்ணுக்கு அதே சுவர் பழுப்பேறிய மஞ்சள். வயதாக ஆக கண்ணுக்குள் இருக்கும் நம் இயற்கை லென்ஸ் மஞ்சளாகி, நீல ஒளியைத் தடுத்துவிடுமாம். கறுப்பு என்று நினைத்திருந்த என் சட்டை கருநீலம்! அன்று முழுவதும் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, சொட்டு மருந்துக்கு வருகிறேன். கிருமி அண்டாமல் இருக்க ஒன்று, கண்ணுக்குள் அழற்சி குறைய ஸ்டீராய்டு ஒன்று. இரண்டுக்கும் நடுவே 5 நிமிடமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். கையைக் கழுவி, கீழிமையை இழுத்து, அந்தப் பைக்குள் ஒரு சொட்டு. குப்பியின் முனை இமையில் படவே கூடாது. முதலில் எனக்குத் தொண்டையெல்லாம் கசந்தது. கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை ஒரு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார் செவிலியர். கசப்பு நின்றது, மருந்தும் கண்ணிலேயே தங்கியது.

இரண்டாவது வாரம்தான் தப்பு செய்தேன். நன்றாகத் தெரிகிறதே என்று ஸ்டீராய்டை நானாகவே நிறுத்திவிட்டேன். மூன்றே நாளில் கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசியது. அழற்சி திரும்பிவிட்டது. அந்த மருந்தை அவர்கள் எழுதிக்கொடுத்தபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பார்வை தெளிந்ததும் உள்ளே புண் ஆறிவிட்டது என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

மற்றதெல்லாம் பழகிவிடும். கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது, கனம் தூக்காமல் இருப்பது, தூக்கத்தில் கசக்கிவிடாமல் இரவில் கண்ணுக்கு மூடி போட்டுக்கொள்வது. ஆனால் வலி கூடினாலோ, பார்வை திடீரென்று மங்கினாலோ, மின்னல் போல வெட்டினாலோ, திரை விழுந்தது போல் இருந்தாலோ காலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஆறாவது வாரம் கண்ணாடிக்கு அளவு எடுத்தார்கள். ஆபரேஷனில் பழைய லென்ஸுக்குப் பதிலாக எனக்கு வைத்த செயற்கை லென்ஸ் தூரப் பார்வைக்கானது, அதனால் படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். அடுத்த கண்ணுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. அது முடியும்வரை இரண்டு கண்ணும் ஒத்துப்போகாமல் படி இறங்கும்போது கொஞ்சம் தடுமாறுகிறது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன்.