17 என்று கூட்டினோம், 12 ஆனது

எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியின் பலாத்கார வழக்கு இது. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் ஒரு ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பாதிக்கப்பட்டவளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்பது சட்டம், சட்டம் இல்லாவிட்டாலும் நான் எழுதியிருக்க மாட்டேன்.

2023 ஜூன், மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வாரம், அன்று தீர்ப்பு. ஆம்பிளைகள் எல்லாம் கரையில் இருந்ததால் ராமநாதபுரம் கோர்ட்டுக்கு ஒரு வேன் நிறையப் போனோம். இவளைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. சாயங்காலம் குமாஸ்தா வெளியே வந்து, "376-க்கு 10, 450-க்கு 5, 506(2)-க்கு 2" என்றார். பலாத்காரம், அத்துமீறி வீட்டுக்குள் நுழைந்தது, மிரட்டல், இவற்றுக்கான வருடங்கள் அவை. சின்னம்மா விரல்விட்டுக் கூட்டி 17 என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மறுநாள் பேப்பரிலும் 17 தான்.

தீர்ப்பு நகல் கைக்கு வந்தபோதுதான் கடைசிப் பக்கம் புரிந்தது. முதல் இரண்டையும் ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும், மூன்றாவது அது முடிந்த பிறகு. அதாவது 10-க்குள்ளேயே அந்த 5 கரைந்துவிடும். மொத்தம் 12, அதிலும் ரிமாண்டில் இருந்த நாட்கள் கழியும்.

சட்டப் பணிகள் ஆணைக்குழு தந்த வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததும் பலாத்காரமும் ஒரே ராத்திரி, ஒரே சம்பவம், ஒன்றுக்காகத்தான் மற்றது, அப்படி இருந்தால் பெரும்பாலும் ஏககாலம்தான். மிரட்டியதோ மூன்று வாரம் கழித்து, இவள் பாசி எடுக்கப் போன இடத்தில். எல்லாம் ஒரே தொடர்ச்சி என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடியும் நீதிபதி அதைத் தனிச் செயலாகவே பார்த்தார்.

இதில் ஒரு வேடிக்கை. அப்போதிருந்த குற்ற நடைமுறைச் சட்டம் 31-வது பிரிவுப்படி, ஏககாலத்தில் என்று நீதிபதி சொல்லாவிட்டால் தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் 25-வது பிரிவு, குற்றத்தின் கடுமையைப் பார்த்து எது என்று நீதிபதியே சொல்ல வேண்டும் என்கிறது. அடுத்தடுத்து என்றால் இருந்த 14 ஆண்டு உச்சவரம்பும் 20 ஆகிவிட்டது.

"பிரேமானந்தாவுக்கு இரட்டை ஆயுள் கொடுத்தாங்களே?" என்று, பலாத்கார வழக்கில் சிறைக்குப் போன அந்தச் சாமியாரைச் சொல்லி சின்னம்மா கேட்டாள். 2005-இல் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்தது உண்மைதானாம். ஆனால் 2016-இல் முத்துராமலிங்கம் என்பவர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒருவருக்கு இருப்பது ஒரே ஆயுள், ஆயுளுக்குப் பின் இன்னொரு ஆயுள் ஓட முடியாது என்று சொல்லிவிட்டது. வருடக்கணக்குத் தண்டனையை முதலில் ஓடவிட்டு அதன்பின் ஆயுளைத் தொடங்கலாம், அவ்வளவுதான்.

எனக்கு ஆறாதது வேறு. குற்றவாளி என்று சொன்ன பிறகு, தண்டனைக்கு முன்னால், அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். வயசான அம்மா, படகுக் கடன் என்று அவன் நிறையச் சொன்னானாம். எங்கள் பக்கம் அரசு வக்கீல் ஒரே வரி, "தகுந்த தண்டனை கொடுங்கள்". கோர்ட் அனுமதியோடு எங்கள் வக்கீலம்மா எழுத்து வாதம் கொடுத்திருக்கலாம், அப்படி ஒரு வழி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பிறகு ஓடியும் பலனில்லை. விடுதலை, சின்னக் குற்றமாகக் குறைத்தல், இழப்பீடு போதாமை, இதற்கெல்லாம் பாதிக்கப்பட்டவர் அப்பீல் போகலாம். தண்டனை போதவில்லை என்று மட்டும் போக முடியாது, அது அரசு போட வேண்டியது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. நாங்கள் மனு எழுதிக் கொடுத்தோம். அரசு போடவில்லை.

அவன் போட்ட அப்பீல் மதுரைக் கிளையில் கிடக்கிறது. எப்படியும் விடுதலை கேட்பான் என்று தெரியும். அது கிடைக்காவிட்டால் அந்த 2 வருடத்தையாவது ஏககாலத்தில் சேர்க்கச் சொல்லி அதிலேயே கேட்டிருக்கிறான்.