மைலேஜ் கணக்கு

நேத்து கும்பகோணத்துலேர்ந்து திருவையாறு போறப்ப சித்தப்பா ஆரம்பிச்சுட்டாரு, "என் பழைய மாருதி 800 அப்பவே லிட்டருக்கு 18 குடுத்துச்சுடா, ஒன் புது வண்டியும் அதான குடுக்குது, 40 வருசமா என்னத்த கிழிச்சானுங்க?"

கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா 1983ல வந்த அந்த 796 சிசி வண்டி மொத்தமே சுமார் 650 கிலோ, பவரு 40 குதிரைக்குள்ள. இப்ப ஏசி, ஏர்பேக், கனமான பாடின்னு 900 கிலோவுக்கு மேல போயி, பவரும் ரெண்டு மடங்காகி, அத்தனையும் இழுத்துக்கிட்டு அதே மைலேஜ் வருதுன்னா இன்ஜின் தேறிருக்குன்னுதான அர்த்தம்? கார்புரேட்டர் காலம் போயி இப்ப கம்ப்யூட்டரே பெட்ரோல அளந்து விடுது. (அப்படியும் பெட்ரோலோட சக்தில பாதிக்கு மேல சூடா ரேடியேட்டர்லயும் சைலன்சர்லயும்தான் போவுது, அது வேற கத.)

எல்லாத்தையும் கேட்டுட்டு சித்தப்பா, "சரி சரி, அந்த ஏசிய கொஞ்சம் கூட்டி வைடா"ன்னாரு.