வௌவால்கள் காவல் காக்கும் நூலகம்

அழகான நூலகம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது போர்ச்சுகலின் கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஜொவானினா நூலகம்தான். 18ஆம் நூற்றாண்டில், மன்னர் ஐந்தாம் ஜொவாவ் காலத்தில் கட்டியது. தங்கப் பூச்சு, ஓவியக் கூரை எல்லாம் சரி. என் மனதைப் பிடித்தவை அங்கே குடியிருக்கும் வௌவால்கள். பகலெல்லாம் ஒடுங்கிக் கிடக்கும். இருட்டியதும் கிளம்பி, தாளை அரிக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். எச்சம் விழுமே? அதற்காக ஊழியர்கள் மாலையில் பழைய மேசைகள் மேல் தோல் விரிப்பைப் போர்த்திவிட்டுப் போகிறார்கள், காலையில் சுத்தம் செய்கிறார்கள். விரட்டாமல் இப்படிச் சேர்ந்து வாழ்வதை நினைத்தாலே மனசு நிறைகிறது.

அயர்லாந்தின் டப்ளின் நகரில், டிரினிட்டி கல்லூரியின் பழைய நூலகத்தில் ‘நீள அறை’ என்று ஒரு கூடம் இருக்கிறது, அதுவும் பிடிக்கும். கிட்டத்தட்ட 65 மீட்டர் நீளம். எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அந்த வளைவுக் கூரை முதலில் கிடையாது, தட்டைக் கூரைதான். புத்தகங்களுக்கு இடம் போதாமல் 1860 வாக்கில் உயர்த்தினார்கள்.

ஜெர்மனியில் 2011இல் திறந்த ஸ்டுட்கார்ட் நகர நூலகத்தின் உள்ளே எங்கும் வெள்ளை. படத்தில் முதலில் பார்த்தபோது வெறுமையாகத் தோன்றியது. அப்புறம்தான் கவனித்தேன், அங்கே வண்ணமே புத்தகங்களின் முதுகுகள்தான்.