சாவியைத் திருப்பினால் ‘டிக்’

முள்ளோடை பெட்ரோல் பங்கில் எனக்குப் பின்னால் ஏழெட்டு வண்டிகள். பாதிக்கு மேல் என்னைப் போலக் கடலூரிலிருந்து எல்லை தாண்டி வந்தவை. புதுச்சேரிப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு. டேங்க் நிரம்பியது. சாவியைத் திருப்பினேன். ‘டிக்’ என்று மெல்லிய சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் ‘டிக்’. பங்க் ஊழியர்கள் இருவர் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது.

2005 மாடல் சிறிய கார் அது. இந்தக் கண்ணாமூச்சி அப்போதே இரண்டு மாதமாக நடந்துகொண்டிருந்தது. மெக்கானிக் பட்டறைக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிவிடும். “நன்றாகத்தானே எடுக்கிறது சார்?” என்பார் அவர். என்னைச் சந்தேகமாகப் பார்ப்பது போலக்கூடத் தோன்றும்.

முதலில் பேட்டரியை மாற்றினேன். பழையது நான்கு வருடம் உழைத்தது, அதனால் வருத்தமில்லை. அடுத்தது செல்ஃப் மோட்டார், எஞ்சினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்வது. ஒருமுறை பட்டறை வாசலிலேயே வண்டி நின்றுபோனபோது மெக்கானிக் ஸ்பேனரால் செல்ஃப் மோட்டாரைத் தட்டினார்; உடனே எடுத்தது. “கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது” என்று தீர்ப்பும் ஆயிற்று. மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு அது. கழற்றிப் புது பிரஷ் போட்டார். பன்னிரண்டு நாள் நிம்மதி. பதின்மூன்றாம் நாள் காலை மறுபடியும் ‘டிக்’.

அதன் பிறகுதான் காசு செலவழிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். தேதி, நேரம், எஞ்சின் சூடா குளிரா, ஹெட்லைட் எப்படி எரிந்தது என்று எல்லாம். மூன்று வாரத்தில் ஐந்து தடவை எடுக்கவில்லை. ஐந்திலும் ஹெட்லைட் மங்கவே இல்லை. பேட்டரி செத்திருந்தால் சாவி திருப்பும்போது விளக்கு அழுது வடியும். இங்கே பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் இருக்கிறது, செல்ஃபுக்குத்தான் போகவில்லை.

நோட்டை மஞ்சக்குப்பத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, “எடுக்கிற வண்டியில் நான் எதைத் தம்பி பார்ப்பது? எடுக்காதபோது பாருங்கள்” என்றார். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்து, தன்னிடமிருந்த பழைய ஜம்பர் கேபிள் ஒன்றையும் தந்தார். இரு முனையிலும் கிளிப் உள்ள தடித்த வயர் அது.

ஒரு ஞாயிறு காலை வீட்டு வாசலிலேயே மாட்டியது. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே 12.3 வோல்ட், குறையே இல்லை. மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி மைனஸிலேயே வைத்து, மற்றதை எஞ்சின் உலோகத்தில் வைத்தேன். இரண்டும் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி. சாவி திருப்பும்போதும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். காட்டியதோ 7 வோல்ட். ஜம்பர் கேபிளால் அந்த இரண்டு இடத்தையும் இணைத்துவிட்டு, “இப்போது திருப்பு” என்றேன். உறுமிக்கொண்டு எழுந்தது.

பேட்டரியிலிருந்து, எஞ்சினோடு இணைந்த கியர்பாக்ஸுக்குப் போகும் எர்த் வயர்தான் குற்றவாளி. மேலே பார்த்தால் புதுசு போலத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் வயர் முனையிலுள்ள உலோக வளையமான லக்கின் அடியில் பச்சைப் பொடியும் துருவும். எங்கள் வீடு குண்டு உப்பலவாடியில். ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறது, காற்றில் இல்லாமலா போகும்? போதாததற்கு 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது பாதிச் சக்கரம் முழுக வண்டி தண்ணீரில் நின்றது. கியர்பாக்ஸ் போல்ட் இருப்பது தாழ்வான இடத்தில்.

எனக்கு ஆறாத கேள்வி ஒன்று இருந்தது. இதே வயரைப் பட்டறையில் மீட்டர் வைத்துப் பார்த்தார்களே, ‘பீப்’ என்று சத்தம் வந்ததே? பெரியவர் சிரித்தார். மீட்டர் அனுப்புவது கொசுறு மின்சாரம். ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் ‘பீப்’ என்னும். செல்ஃப் இழுப்பதோ நூறு ஆம்பியருக்கு மேல். 150 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே போய்விடும். ஸ்பேனரால் தட்டியபோது எடுத்ததற்கும் அவரிடம் பதில் இருந்தது. செல்ஃபும் அந்த எர்த் போல்ட்டும் கியர்பாக்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தட்டிய அதிர்வில் துரு சற்று நகர்ந்து தொட்டிருக்கிறது. நல்ல பிரஷ்ஷுக்கு வீண் பழி.

உப்பு தின்ற இடத்தை உப்புத்தாளால்தான் தேய்த்தார். உலோகம் பளபளக்கும் வரை. புது வயர் போட்டு இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினார். மறுபடி மீட்டர் வைத்தபோது 0.1 வோல்ட்.

கை துடைத்துக்கொண்டே, “ஆக்சிலரேட்டர் இறுக்கமாக இருக்கிறதா?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு மாதமாகவே இறுக்கம்தான். வயதான வண்டி என்று விட்டிருந்தேன், நோட்டில்கூட எழுதவில்லை. எர்த் வழி அடைபட்டதும் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாடிக்குத் திரும்பப் பார்த்திருக்கிறது. கேபிளை உருவிக் காட்டினார். உள்ளே பிளாஸ்டிக் உறை உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. எர்த் வயரைவிட அந்தக் கேபிளுக்குத்தான் அதிகம் கொடுத்தேன்.