பக்கத்து வீட்டில் அம்மை

மார்ச் 10, 2025

பக்கத்து வீட்டு அக்கா காலையிலேயே கூப்பிட்டு, பையனுக்கு அம்மை போட்டிருக்கு, ராத்திரிதான் கொப்புளம் தெரிஞ்சுது என்றார். சனிக்கிழமை சாயங்காலம் அவன் எங்கள் வீட்டில்தான் என் பிள்ளைகளோடு கேரம் ஆடினான். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சின்னம்மை தொற்றும், காற்றிலும் பரவும். என் மகள் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவள், அதனால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு. மற்ற பிள்ளைகளுக்கு அரிப்போடு போகிற நோய் இவளுக்கு நுரையீரல், கல்லீரல் வரை போகலாம். உடனே டாக்டருக்குப் போன் போட்டேன்.

மார்ச் 11

இவளுக்கு அம்மைத் தடுப்பூசி இப்போது போட முடியாது, அது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தது. அதற்குப் பதில், கிருமியை எதிர்க்கும் புரதத்தையே நேரடியாக உடம்புக்குள் செலுத்துகிற இம்யூனோகுளோபுலின் ஊசி. தொற்று பட்ட 96 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது, 10 நாள் வரை போடலாம். எல்லாக் கடையிலும் கிடைக்காது, அலைந்து வாங்கி மதியம் போட்டாயிற்று. இவள் தம்பிக்குத் தடுப்பூசியே போட்டார்கள், தொற்று பட்ட 5 நாளைக்குள் போட்டால் அவனையும் காக்கும், அவன் வழியாக இவளையும் காக்கும். அரசுத் தடுப்பூசி அட்டவணையில் அம்மைத் தடுப்பூசி இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது, இது எனக்கு ஆறவே இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ஒரு வாரம் கழித்துச் சொல்லியிருந்தால்? வாசலில் வேப்பிலை செருகுகிற வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், உள்ளே வராதே என்று ஊருக்கே தெரிகிறது. இப்போது அடுக்குமாடியில் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

மார்ச் 19

ஊரிலிருந்து சித்தப்பா வருவதாக இருந்தது. முதுகில் அக்கி, குயவர் வீட்டில் காவி எழுதிக்கொண்டு வந்தாராம். அக்கியும் அதே வைரஸ்தான் சித்தப்பா, கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டின பிறகு வாங்க என்றேன். அத்தைக்கு வருத்தம், இருந்தாலும் டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னதும் அவரே சித்தப்பாவிடம் பேசிவிட்டார்.

மார்ச் 27

இன்று மகளுக்கு ரத்தப் பரிசோதனை. முன்கூட்டியே போன் செய்து தொற்று பட்ட விஷயத்தைச் சொன்னதால், மற்ற பிள்ளைகள் உட்காரும் கூடத்துக்குப் போகாமல் தனி அறையில் ரத்தம் எடுத்தார்கள், அங்கே இருக்கும் எல்லாருமே இவளைப் போன்றவர்கள்தானே. தொற்று பட்ட நாளிலிருந்து வழக்கமாக 21 நாள் பார்த்தால் போதும், இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டவர்களுக்கு நோய் தாமதமாகவும் வரலாம் என்பதால் 28 நாள், அதாவது ஏப்ரல் 5 வரை. தினமும் குளிக்கும்போது தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் பார்க்கிறேன். ஒரு கொப்புளம் தெரிந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் ராத்திரியானாலும் கிளம்பி வந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள், வைரஸ் மருந்தை நரம்பு வழியே ஏற்ற வேண்டியிருக்கும். பை தயாராக இருக்கிறது.