எந்த 24-ஆம் ஹைன்ரிச்?

விக்டோரியா மகாராணியின் தாய்வழியைப் பிடித்துக்கொண்டு மேலே போய் ஒரு கொடிவழி வரைவதுதான் திட்டம். ஒரு சார்ட் பேப்பர், பென்சில், ரப்பர் போதும் என்று உட்கார்ந்தேன். மகாராணியின் அம்மாவைப் பெற்றவர் ஆகுஸ்டா, 1757-இல் பிறந்தவர். ஜெர்மனியின் எபர்ஸ்டார்ஃப் ஊரை ஆண்ட ராய்ஸ் குடும்பத்துப் பெண். அவருடைய அப்பா 24-ஆம் ஹைன்ரிச். சரி, அவருக்கு அப்பா யார் என்று பார்த்தால் 29-ஆம் ஹைன்ரிச்.

அப்பா 29, மகன் 24! நான்தான் மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைத்து, அழித்து, தலைகீழாகப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அதிலேயே போயிற்று. கடைசியில் பார்த்தால் முதலில் எழுதியதுதான் சரி.

இந்தக் குடும்பத்தின் கதை 12-ஆம் நூற்றாண்டில், இன்றைய துரிங்கியாவில் உள்ள வைடாவில் தொடங்குகிறது. புனித ரோமானியப் பேரரசரின் சார்பில் நிர்வாகம் பார்த்தவர்கள். அந்தப் பதவிக்கு ஃபோக்ட் என்று பெயர். அந்த வட்டாரம் இன்றும் ஃபோக்ட்லாந்துதான். பேரரசர் 6-ஆம் ஹைன்ரிச்சைப் பெருமைப்படுத்த ஆண் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்க ஆரம்பித்தார்கள். எல்லா ஆண் பிள்ளைகளுக்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்குப் பழக்கம்தான், ஆனால் கூடப்பிறந்த அத்தனை பேருக்கும் ஒரே பெயர் என்பது வேறு ரகம். 1668-இல் அதைக் குடும்பச் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள்.

என் தவறு எண்ணைப் புரிந்துகொண்டதில் இருந்தது. அரசர்களுக்குப் போடுவதுபோல், ஆண்ட வரிசை என்று நினைத்தேன். இது பிறந்த வரிசை. ஆண்டாலும் ஆளாவிட்டாலும், கைக்குழந்தையாகவே இறந்துபோனாலும், பிறந்தவுடன் அடுத்த எண். பள்ளிக்கூடத்தில் சேர்க்கை எண் போடுவார்களே, அந்த மாதிரி. கிரைட்ஸ் ஊரில் இருந்த மூத்த கிளை 100 வரை எண்ணிவிட்டுத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்று வைத்துக்கொண்டது. கேரா, ஷ்லைட்ஸ் பக்கம் இருந்த இளைய கிளையில் (எபர்ஸ்டார்ஃபும் இதில்தான்) புது நூற்றாண்டு பிறந்தால் எண்ணிக்கையும் ஒன்றிலிருந்து. ஆகுஸ்டாவின் தாத்தா பிறந்தது 1699. பழைய நூற்றாண்டின் கடைசி ஆட்களில் ஒருவர், அதனால் 29. மகன் பிறந்தது 1724, புது நூற்றாண்டின் எண்ணிக்கையில் 24. பின்னால் வந்தவர்களில் 67-இன் மகன் 14, அவர் மகன் 27, அவர் மகன் 45. விதி தெரிந்த பிறகு இந்த நான்கு கட்டங்களையும் ஒரே மூச்சில் போட்டேன்.

அந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் எக்செலுக்கு மாற்றினேன். அங்கே அடுத்த அடி. பெயரையும் எண்ணையும் அடையாளமாகக் கொடுத்திருந்தேன். 1757-இல் பிறந்த ஆகுஸ்டாவுக்கு 1855-இல் பிறந்த ஒருவர் அப்பாவாக வந்து நின்றார்! அவரும் 24-ஆம் ஹைன்ரிச், கோஸ்ட்ரிட்ஸ் கிளை. சிம்பொனிகள் எழுதிய இசையமைப்பாளர். போதாக்குறைக்கு மூத்த கிளையின் கடைசி ஆளும் 24-ஆம் ஹைன்ரிச்தான், 1878-இல் பிறந்தவர். 100 வரை எண்ண இடம் வைத்திருந்த கிளை, 1927-இல் அவர் இறந்தபோது 24-லேயே நின்றுவிட்டது.

இப்போது கணினியில் பிறந்த ஆண்டும் கிளையும் சேர்ந்ததுதான் அடையாளம். சுவரில் மாட்டியிருக்கும் சார்ட்டில் வேறு வழி: பெண்களின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். ஆண்கள் எல்லாரும் ஹைன்ரிச் என்றால், இந்தக் குடும்பத்தில் வழிகாட்டிப் பலகை பெண்கள்தான். கிரைட்ஸ் பக்கம் தேடினால் ஹெர்மீனே. பதவி இழந்த கெய்சர் இரண்டாம் வில்ஹெல்மை 1922-இல் மணந்தவர், அந்தக் கடைசி 24-இன் சகோதரி. எபர்ஸ்டார்ஃப் பக்கம் எர்ட்முத்தே டொரோத்தேயா, 29-இன் தங்கை. 1722-இல் இவர் மணந்த சின்செண்டார்ஃப் பிரபுவின் நிலத்தில்தான் ஹெர்ன்ஹூட் என்ற ஊர் உருவானது. பண்ணையின் வரவு செலவை எல்லாம் பார்த்துக்கொண்டது எர்ட்முத்தே. அந்த ஊரின் மொராவிய சபை என்ற கிறிஸ்தவச் சபையார் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறியிருக்கிறார்கள். எங்கேயோ துரிங்கியாவில் சுற்றிக்கொண்டிருந்த கோடு இங்கே வந்து முடியும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தக் கோட்டை மட்டும் சார்ட்டின் ஓரம் வரைக்கும் இழுத்து வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒட்டாமல் இருப்பது மேல்பகுதி. 1564-இல் குடும்பம் மூன்றாகப் பிரிந்தது. நடுக்கிளை 1616-இல் அற்றுப்போனது. அதற்கு மேலே எண்கள் வேறு கணக்கு, மெதுவாகத்தான் போக வேண்டும். முதலில் போஸ்துமுஸ் என்ற ஹைன்ரிச்சுக்கு மட்டும் தனித்தாள். 1572-இல், அப்பா இறந்த பிறகு பிறந்தவர். சாவதற்கு முன்பே தனக்குச் சவப்பெட்டி செய்து, அதன்மேல் பைபிள் வசனங்களை எழுதி வைத்திருந்தார். 1636-இல் அவருடைய அடக்கத்துக்காக அந்த வசனங்களுக்கு இசையமைத்தவர், அவர்கள் மண்ணிலேயே கோஸ்ட்ரிட்ஸில் பிறந்த ஷூட்ஸ். அவர் பெயரும் ஹைன்ரிச். நல்லவேளை, அவருக்கு எண் கிடையாது.